தம்பியைத் தெரியாது என்ற அக்கா

ஊரை விட்டு நாங்கள் வந்து குடியேறிய நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில், ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். தமிழ்ப் பெற்றோர் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் இழுப்பார்கள்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் எங்களைப் பக்கத்து ஊரான லொங்குய்யுக்கு அழைத்து அரை நாள் வகுப்பு வைத்தார்கள். பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் போய்விடாமல் காப்பது எப்படி என்று. ஒரு வழிகாட்டிப் புத்தகமும் தந்தார்கள். ஆயுதத்தைப் புகழும் படம், பிள்ளை சொல்வதும் வீட்டார் சொல்வதும் ஒத்துவராமை, இப்படி ஏதும் கண்டால் மேலே அறிவித்தே ஆக வேண்டும். நானும் தலையாட்டிவிட்டுக் கோப்பி குடித்தேன்.

கார்த்திகையில் ஆசிரியை ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஏழு வயதுப் பெண்பிள்ளை வரைந்தது. சீருடை போட்ட ஆள், தோளில் துவக்கு, முன்னால் விளக்கும் பூவும். யாரென்று கேட்டதற்குப் பிள்ளை பிரெஞ்சில், "என் மாமா. அம்மாவின் தம்பி. சண்டையில் செத்துப்போனார். இந்த மாதம் அவருக்கு விளக்கு வைப்போம்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறது.

எங்கள் ஆட்களின் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது என்று ஆசிரியைக்கு விளக்கினேன். அவர் நல்ல மனுசி. "தாய் வந்து அதையே சொன்னால் போதும். விஷயம் முடிந்தது" என்றார்.

அடுத்த நாள் தாய் வந்தாள். லாசாலில் தொழிற்சாலை வேலை. உடுப்புக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். அறையில் பள்ளிக்கூட அதிபர், ஆசிரியை, நான். மேசையில் படம்.

"இது ஆர் எண்டு கேக்கினம்" என்றேன்.

படத்தைப் பார்த்தாள். "தெரியாது."

"உங்கட தம்பி எண்டு பிள்ளை சொல்லியிருக்கு, தங்கச்சி."

"எனக்குத் தம்பியே இல்லை. டிவியில என்னத்தையோ பாத்துக் கீறியிருக்கும்."

"பயப்பிடாதேங்கோ. இஞ்ச ஆமிக்காரன் ஒருத்தனும் இல்லை."

"உப்பிடித்தான் அங்கயும் சொன்னவங்கள், அக்கா. நம்பிச் சொன்ன ஆக்கள் திரும்பி வரேல்லை."

சோதனைச் சாவடியில் நின்று பழகிய வாய் அது. மேசைக்குப் பின்னால் இருப்பவன் படத்தை நீட்டினால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற தாய்மாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதிபர் என்னைப் பார்த்தார். தம்பி இல்லை என்கிறார் என்றேன். பயத்தில் சொல்கிறார் என்றும் சேர்த்தேன். பதிலை மட்டும் சொல்லுங்கள் என்றார் அதிபர், மரியாதையாகத்தான். பிள்ளை ஒன்று சொல்ல, தாய் வேறொன்று சொல்கிறாள். புத்தகத்தில் அச்சொட்டாக அதுதான் இருந்தது. படிவத்தை எடுத்தார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவராவது ஒரு நாளாவது சாவடியில் வரிசையில் நின்றிருப்பாரா? யாரிடம் போய்க் கேட்பது?

பத்து நாள் கழித்து சிறுவர் பாதுகாப்புப் பெண் அலுவலர் ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போனார். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று தாய் என்னையே கேட்டாளாம்; நானும் கூடப் போனேன். அலுவலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தம்பியைப் பற்றிப் பயமில்லாமல் பேசலாம், அவருடைய போட்டோ இருந்தால் பார்க்கிறேன் என்றார். உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார்.

"பள்ளிக்கூடத்தால வந்த அண்டைக்கே எரிச்சுப்போட்டன்" என்றாள் தாய். "அந்த ஒண்டுதான் இருந்தது."

அதையும் மொழிபெயர்த்தேன். அலுவலர் எழுதிக்கொண்டார். பிள்ளையின் பெயரில் திறந்த கோப்பை இன்னும் மூடவில்லை.

அன்று அலுவலர் படியிறங்கிய பிறகு தாய் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பயத்தில பொய் சொன்னன், சரி. அந்தப் பொய்யை நீங்கள் ஏன் அப்பிடியே அவையளிட்டக் குடுத்தனீங்கள்? தம்பி எண்டு பிரெஞ்சில மாத்திச் சொல்லியிருந்தா ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது" என்றேன்.

கையை விட்டாள். கதவைச் சாத்தினாள்.