பென்சிலில் சாகிறவர்கள்

எங்கள் சித்திரக்கதை அலுவலகத்தில் அவரைச் சித்திரகுப்தர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கதை நாயகர்களின் வாழ்வையும் சாவையும் குறித்து வைப்பது அவர் வேலை. மூன்று தொடர்கள், முன்னூற்றுச் சொச்சம் பாத்திரங்கள், ஆளுக்கொரு அட்டை. யாருக்கு எந்தக் கை ஒடிந்தது, யாருடைய முகமூடி ரகசியம் யாருக்குத் தெரியும், எல்லாம் அதில் இருக்கும். ஓவியர் வரைந்த பக்கம் வந்தால், "கல்முகிக்கு இடது கண்ணு போய் ஆறு வருஷம் ஆச்சு. இங்க ரெண்டு கண்ணாலயும் முறைக்கிறா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மற்றதையெல்லாம் பேனாவால் எழுதுவார், சாவை மட்டும் பென்சிலால். காரணம் மகாசங்கமம். வருடத்துக்கு ஒருமுறை மூன்று தொடர்களின் நாயகர்களும் ஒரே கதையில் சேருவார்கள். முகப்பில் "இனி எதுவும் பழையபடி இருக்காது" என்று கொட்டை எழுத்தில் போடுவோம். நாலைந்து பேர் சாவார்கள். சில மாதங்களில் ஒவ்வொருவராக எழுந்து வந்துவிடுவார்கள். அவர் ரப்பரை எடுப்பார். இருபத்திரண்டு வருடம் அழித்ததில் சில அட்டைகளில் அந்த இடம் மட்டும் வெங்காயத் தோல்போல ஆகியிருந்தது.

நான் அங்கே சேர்ந்தது புள்ளியியல் பட்டத்தோடு. என் அப்பா கைநாட்டு. எங்கள் ஊருக்குப் பேருந்து வந்ததே நான் எட்டாவது படிக்கும்போதுதான். முதல் மாதம் முழுக்கச் சான்றிதழைப் பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆசிரியரிடம் சித்திரகுப்தர் வருடா வருடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "ஒருத்தனாவது செத்தா செத்ததா இருக்கணும் சார். இல்லேன்னா நான் எதுக்கு?"

அந்த வருடம் ஆசிரியருக்கு என்ன தோன்றியதோ, "சரிய்யா. செஞ்சிறகனோட அண்ணன். நிஜமாவே காலி. பேனாவாலயே எழுதிக்க" என்றார்.

சித்திரகுப்தர் எழுதி, மை காய ஊதினார். உடனே மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் போனில் சத்தம் கூரையைப் பிளக்கும், அறைக்கே கேட்டது.

"இந்தத் தடவ ஒருத்தன் நிஜமாவே செத்துட்டான்மா."

"ஐயோ, ஆபீஸ்லயா?"

"கதையில."

"இதுக்கா இவ்வளவு சந்தோஷம்? வெளிய யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க."

இரண்டு மாதம் கழித்து ஓவியரின் பக்கங்கள் வந்தன. செஞ்சிறகனின் அண்ணன் கடலிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்துகொண்டிருந்தான்.

சித்திரகுப்தர் அட்டையோடு ஆசிரியர் அறைக்குப் போனார். நான் உள்ளேதான் இருந்தேன்.

"பேனாவால எழுதிட்டேன் சார்."

"மேல வெள்ளை மை தடவிக்க."

"நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அவன் இல்லாம புத்தகம் போகல. தம்பி, நீ படிச்சவன். இதுவரைக்கும் எத்தனை பேர் செத்தான், எத்தனை பேர் செத்தே கிடக்கறான்? எண்ணிச் சொல்லு."

படித்தவன் என்று அந்த அலுவலகத்தில் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். பெட்டிகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தவரே சித்திரகுப்தர்தான்.

"நல்லா எண்ணுங்க தம்பி. பாத்தா அவருக்கே வெக்கமா இருக்கும்."

தொண்ணூற்று நாலு சாவு. திரும்பி வந்தவர்கள் தொண்ணூற்று மூன்று. மிச்சம் ஒன்று, கல்முகியின் குதிரை. அதையும் மறதியில்தான் விட்டிருந்தார்கள். வண்ணத்தில் வரைபடம் போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: மகாசங்கமத்தின் விளைவு எதுவும் தொடர்களில் நிலைப்பதில்லை. அந்த வரியில் இன்றும் எனக்குப் பெருமைதான். சரியான முடிவு அது.

ஆசிரியர் நின்றுகொண்டே படித்தார். சித்திரகுப்தரைக் கூப்பிட்டார்.

"எதுவும் நிலைக்காதுன்னு தம்பி நிரூபிச்சுட்டான். அப்புறம் எது நிலைக்குதுன்னு பாக்க ஒரு ஆள் எதுக்குய்யா? அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாத் தொடரும் ஒண்ணாம் நம்பர்லேர்ந்து புதுசா ஆரம்பிக்குது. நீ வர வேண்டாம்."

சித்திரகுப்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவால் எழுதிய அந்த அட்டையை மட்டும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். "கம்பெனிச் சொத்து" என்றார் ஆசிரியர்.

வெளியே மேலாளர் அம்மா வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை அடிக்க அளவுகோலும் சிவப்புப் பேனாவும் எடுத்தார். சித்திரகுப்தர் காதிலிருந்த பென்சிலை உருவி நீட்டினார்.

"இதால அடிங்களேன்மா."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"இது கதையில்ல சார்" என்று அந்த அம்மா பேனாவால் இரண்டு கோடு இழுத்தார்.

அட்டைகள் எடைக்குப் போயின. அவர் மேசை எனக்கு வந்தது. வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலையானது. அடுத்த வருடம் ஒரு வாசகர், இத்தனை மகாசங்கமங்களால் நிரந்தரமாக எதுவாவது மாறியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

'ஒரே ஒரு குதிரை' என்று பதில் போட்டேன். கீழே என் பெயரும் பட்டமும் அச்சாகியிருந்தன. அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

குதிரையை அடுத்த இதழில் எழுப்பிவிட்டோம்.