வெடிக்காத கொழுக்கட்டை

ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் வசந்தத்தில் ஒரே நாளில் பசி எடுக்கும். அந்தப் பசிக்குக் கொழுக்கட்டை உருட்டி உருட்டியே சுன்மெயின் தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது.

சீனாவின் சூச்சோ நகருக்குத் தெற்கே, கால்வாய்ப் பாலத்தடியில் ஃபெய் அம்மாளின் பலகாரக் கடை. கோதுமைப்புல்லை அரைத்துச் சாறு பிழிந்து, நிறம் மங்காதிருக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டு, பசையரிசி மாவில் பிசைந்து, உள்ளே இனிப்புப் பயறு விழுதும் ஒரு துணுக்குப் பன்றிக்கொழுப்பும் வைத்து உருட்டி ஆவியில் வேகவைப்பாள் சுன்மெய். கல்லறைகளைத் துடைத்துப் படையல் வைக்கும் சிங்மிங் திருநாள் நெருங்கிவிட்டால் கடை வரிசை பாலத்தைத் தாண்டிப் போகும். முன்னோருக்குப் படைக்கத்தான் வாங்குகிறோம் என்பார்கள். முன்னோர் மலையடிவாரக் கல்லறைகளில் காத்துக்கிடப்பார்கள். பேரப்பிள்ளைகள் வரிசையிலேயே பெட்டியைப் பிரித்து, படம் பிடித்து, வாயில் போட்டுக்கொள்வார்கள். உப்பிட்ட முட்டைக்கருவை உள்ளே வைத்த புதுரகம் ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. எந்தக் கொள்ளுத்தாத்தா அதைக் கேட்டாரோ தெரியவில்லை.

சுன்மெயின் புருஷன் கென்ஷெங் மணல் படகு ஓட்டினவன். இனிப்பென்றால் உயிர். ஆவியில் வெடித்து, விழுது வெளியே பிதுங்கிய கொழுக்கட்டைகளை விற்க முடியாது. அவைதாம் அவன் வீட்டுக்கு வரும்.

"முழுசா ஒண்ணு என் கண்ணுல படாதா?" என்பான்.

"முழுசெல்லாம் செத்தவங்களுக்கு."

"அப்ப செத்தாத்தான் கிடைக்கும்ங்கற."

போன இலையுதிர் காலத்தில், படகைக் கரையில் கட்டிவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

பழைய கல்லறைக்குச் சிங்மிங்கை ஒட்டி முன்னேபின்னே என்றைக்குப் போனாலும் குற்றமில்லை. மாமனார் மாமியார் கல்லறைக்குச் சுன்மெய் எப்போதும் கூட்டம் ஓய்ந்தபிறகுதான் போவாள், அவர்களும் பழகிக்கொண்டார்கள். ஆனால் புதிதாய்ச் செத்தவனுக்கு முதல் சிங்மிங் அந்த நாளிலேயே, உச்சிப்பொழுதுக்கு முன்பே நடந்தாக வேண்டும். தவறினால் அவன் தனக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொள்வானாம். அந்த ஒரு நாளில்தான் ஃபெய் அம்மாள் கடையில் யாருக்கும் லீவு கிடையாது.

முந்தின நாளே கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில மட்டும் விடுங்க. புதுக் கல்லறை."

"என்னடி பேசற? நீ போயிட்டா மாவுக்கு யாரு? உன் புருஷனுக்கு ஒரு கல்லறைதான். வெளிய நிக்கிறவங்களுக்கு எத்தன கல்லறைன்னு எட்டிப் பாரு."

"அவங்க தின்னுக்கிட்டு நிக்கிறாங்கக்கா."

"தின்னட்டும். காசு குடுத்தாச்சுல்ல? நீ மறுநாள் போயேன். கென்ஷெங் தங்கமான மனுஷன், கோவிச்சுக்க மாட்டான்."

உயிரோடு இருந்தவரை கோபித்துக்கொள்ளவில்லைதான். அதுதான் சுன்மெயை அறுத்தது.

திருநாளன்று விடியுமுன்பே மாவில் கை வைத்தாள். பல நாள் தூக்கம் பாக்கி. சாற்றுப் பாத்திரமும் சுண்ணாம்பு நீர்ச் செம்பும் பக்கத்தில் பக்கத்தில். முதல் ஈடு வெந்து, மூங்கில் தட்டு திறந்தபோது கடையே பளிச்சென்றது. அப்படியொரு பச்சை. ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஃபெய் அம்மாள் பூரித்துப்போய் ஒன்றை எடுத்துக் கடித்தாள். உடனே துப்பினாள்.

"கசப்பு! ஐயோ, நாக்கு பொத்துப்போச்சே! சுண்ணாம்ப ரெண்டு தரம் ஊத்தினியா?"

"தெரியலக்கா. தூக்கக் கலக்கம்."

"தூக்கக் கலக்கமா? ஊர்ப் பொணமெல்லாம் எந்திரிச்சு வந்து என்னைக் கேக்கும்டி! போ, கண்ணு முன்னால நிக்காத. நானே பிசைஞ்சுக்கறேன். இந்தக் கண்றாவியையும் தூக்கிட்டுப் போய்க் கொட்டு!"

அத்தனை வருஷமாய்த் தவறாத கை அன்றைக்கு மட்டும் ஏன் தவறியது? தூக்கம் என்றால் தூக்கம்தான். ஒன்று மட்டும் சொல்லலாம்: திட்டு முடிவதற்குள் சுன்மெய் மேலங்கியைக் கழற்றிவிட்டாள். கொட்டச் சொன்னதைக் கொட்டவும் இல்லை. நல்ல பெட்டியாய் எடுத்து அடுக்கினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாள். மலையடிவாரத்தில் நாத்தனார் யுன், மதுவும் ஊதுவத்தியும் காகிதப் பணமுமாய் வெயிலில் வெந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, வரமாட்டீங்கன்னே நெனச்சேன். உச்சி ஆகப்போகுது!"

"விட்டுட்டாங்க."

"அந்தப் பொம்பளையா? செத்துகித்துப் போச்சா?"

புல்லைப் பிடுங்கினார்கள், கல்லைத் துடைத்தார்கள். சுன்மெய் பெட்டியைத் திறந்து வைத்தாள். பச்சை மணிகளாய், முழுசு முழுசாய். யுன் வாயைப் பிளந்தாள்.

"அண்ணனுக்கு வந்த யோகத்தப் பாருங்க! ஒண்ணுகூட வெடிக்கல!"

செத்தவர்கள் கண்ணாலும் மணத்தாலும் மட்டுமே உண்கிறவர்கள். அந்த வகையில் கென்ஷெங்குக்கு ஒரு குறையும் இல்லை. ஊதுவத்தி எரிந்து தீர்ந்தது. படைத்ததை உயிரோடிருப்பவர்கள் தின்றாக வேண்டும். யுன் கடித்தாள். முகம் எட்டுக் கோணலாயிற்று.

"அண்ணி, என்ன இது!"

"துப்பாத. உன் அண்ணன் பாக்கறான்."

"வேணும்னே பண்ணினீங்களா?"

"பேசாம முழுங்கு."

சுன்மெயும் ஒன்றை மென்றாள். அவசரமே படவில்லை. கசப்புக்குப் பின்னால் எங்கோ பயறின் இனிப்பு இருந்தது. பாதியை விழுங்கியவள் கல்லில் முதுகைச் சாய்த்தாள். இந்த வசந்தத்தில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான். கண் தானாக மூடிக்கொண்டது.

மடியில் போன் அலறியது. அவள் அசையவில்லை. யுன் எடுத்துக் குரல் கொடுத்தாள்.

"எங்கடி அவ?" ஃபெய் அம்மாளின் குரல். "மாவு எனக்கு ஒட்ட மாட்டேங்குது. ஒண்ணு விடாம வெடிக்குது. உடனே வரச் சொல்லு!"

யுன் கல்லையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணன் பக்கத்துல படுத்துத் தூங்கறாங்க. எழுப்பட்டுமா?"

அந்தப் பக்கம் ஃபெய் அம்மாள் இரைச்சலிட்ட வரிசையை அதட்டினாள்.

"வேணாம்," என்றாள் பிறகு. "தூங்கட்டும்."