சாம்பல் நிறம் பூசிய படகு

இக்னேசியஸ் அண்ணைக்கு எந்த வேலையிலும் இருப்புக் கொள்ளாது. ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் குடியிருந்த காலத்தில் ரெஸ்ரோரன்ற், பேக்கரி, கார் கழுவுமிடம் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஊரில், குருநகரில், கடற்றொழில் செய்த மனிதரை அடுப்படிக்குள் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

கடைசியில் ரொறன்ரோ துறைமுகத்தில் படகு திருத்தும் வேலை கிடைத்தது.

"இந்த வேலையையும் விட்டியளெண்டால் பிள்ளையளோட லண்டனுக்கு அக்காட்டைப் போயிடுவன்," என்றார் மனைவி மக்டலீன். பகிடிக்குச் சொல்லவில்லை.

அது ஒரு பழைய உல்லாசப் படகு. பணக்காரர் ஒருவர் விருந்து வைக்கக் கட்டியதை, உலகப்போரில் கடற்படை வாங்கி, சாம்பல் நிறம் பூசி, முன்னால் பீரங்கி பூட்டி ரோந்துக்கு அனுப்பியதாம். 1996இல் அதை வாங்கிய கப்டனுக்கு மறுபடியும் அந்தப் போர்க்கோலம்தான் வேண்டுமாம். ஆசையைப் பாருங்கள்! அண்ணை சொன்னபடியே சாம்பல் நிறம் அடித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளோட்டம் சரிவந்தால் படகிலேயே நிரந்தர வேலை. ஆங்கிலம் போதாதென்று என்னையும் கூட்டிப்போனார். ஏரிக்குள் இறங்கியதும் ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் நடந்தார். எதிரே சின்னப் படகொன்றில் ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நெருங்க, அண்ணை முன்தளத்துக்கு ஓடினார்.

"ஐயா! எழும்பிக் கையைத் தூக்குங்கோ! கெதியாத் தூக்குங்கோ!"

தமிழில்தான் கத்தினார். ஊரில் சண்டைக் காலத்தில் கடற்படையின் சாம்பல் நிற ரோந்துப் படகைக் கண்டால் மீனவர்கள் எஞ்சினை நிறுத்தி, எழுந்து நின்று, இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். அண்ணையின் தம்பி கஸ்பரை ரோந்துக்காரர் கடலில் சுட்டுக்கொன்றது எனக்குத் தெரியும்.

கிழவர் திரும்பியும் பார்க்கவில்லை. மீன் கடித்திருக்க வேண்டும்.

"என்ன சொல்கிறார்?" என்று கப்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வணக்கம் சொல்கிறார்," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

கப்டனுக்கு ஒரே சந்தோஷம். இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று அந்த இடத்திலேயே வேலையை உறுதி செய்தார்.

அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எங்களுக்குப் பின்னால் விலகிப் போன அந்தச் சின்னப் படகையே அவர் பார்த்தபடி நின்றார்.

"தம்பி, அந்தக் கிழவர் கையைத் தூக்கேல்லை. ஒருத்தரும் சுடேல்லை."

"ஓம் அண்ணை."

"கஸ்பர் தூக்கிக்கொண்டுதானே நிண்டவன்."