சேற்றின் விளிம்பில் நின்ற நாய்

எண்பத்தாறு, எண்பத்தேழு வாக்கில் நடந்தது இது. அப்போது கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். ஒரு கோம்பை நாய் வளர்த்தேன். மேடவாக்கம் தாண்டினால் சதுப்பு. கோரையும் சம்புப் புல்லும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும்; விடியற்காலையில் நரி ஊளையிடுவது கேட்கும்.

பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த நண்பனின் மகள் தூக்கத்தில் அலறி எழுவாள். நரிப்பல்லை இடுப்புக் கயிற்றில் கட்டினால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடையில் நரிப்பல் என்று விற்பதெல்லாம் நாய்ப்பல், நாமே ஒரு நரியைப் பிடித்துவிடுவோம் என்று நண்பன் வந்து நின்றான். அவனிடம் இரண்டு நாட்டு நாய்கள் இருந்தன. ஆனால், உன் நாய் மாதிரி இந்த ஏரியாவிலேயே கிடையாது என்று அவன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நரியைக் கொல்வது தப்பென்றுகூடத் தோன்றவில்லை. அதற்கும் இன்று வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பனி விலகுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கரையோரம் ஒரு அம்மா கோரை அறுத்துக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். நாய்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. பாசி படிந்து புல்தரை மாதிரி தெரிகிற இடமெல்லாம் உளைச்சேறு, அந்தப் பக்கம் நாயை விடாதீர்கள் என்றார். சரிக்கா என்று தலையாட்டிவிட்டு நடந்தோம்.

கொஞ்ச நேரத்தில் சம்புக்குள்ளிருந்து ஒரு நரி கிளம்பியது. மூன்று நாய்களும் துரத்தின. நரியோ பாசிமேல் கால் பாவாமல் ஓடி அக்கரைக்குப் போய்விட்டது. நண்பனின் நாய்கள் விளிம்பிலேயே நின்று குரைத்தன. என் நாயும் நின்றது. நின்று, திரும்பி என்னைப் பார்த்தது.

"இன்னா மச்சான், உன் சிங்கமும் பம்முது?" என்று சிரித்தான் நண்பன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிடி, பிடி என்று கைதட்டி ஏவினேன். என் பேச்சைத் தட்டாத நாய், பாய்ந்தது. நாலாவது தாவலில் வயிறுவரை இறங்கிவிட்டது. உதற உதற இன்னும் உள்ளே போனது. குரைக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இறங்கிய நானும் முழங்கால்வரை புதைந்து, நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன்.

கரையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஓடி வந்தார். கோரைக் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் போட்டு, அவற்றின்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தார். அதற்குள் நாயின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. கையை உள்ளே விட்டு, அதன் முன்னங்கால்களுக்குக் கீழே, கட்டு கட்ட வைத்திருந்த கயிற்றைக் கொடுத்துக் கட்டி, மறுமுனையை எங்களிடம் வீசினார். இழுத்தோம். ஒரு வழியாகக் கரையேறி, நடுங்கிக்கொண்டு படுத்தது.

அந்த அம்மா முகத்துச் சேற்றை வழித்தபடி என் பக்கம் திரும்பினார். "வேணாம்னு நின்னுகினு அது உன்னைத்தானே கேட்டுச்சு தம்பி. நீ இன்னா சொன்னே?"

அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நண்பன் அதோடு நரிப்பல் பேச்சை விட்டுவிட்டான். அவன் மகளுக்கு அந்த அலறல், வளர வளரத் தானாக நின்றுபோயிற்று.

அன்று மதியம் குளிப்பாட்டும்போதே நாய் என் கையை நக்கியது. அதன்பிறகு ஏழெட்டு வருடம் உயிரோடு இருந்தது. நான் கூப்பிட்டு வராமல் இருந்ததே இல்லை. ஒரே ஒரு நாளாவது என் குரலை நம்பாமல் அது விலகிப் போயிருந்தால், என் மனசு இத்தனை வருடம் இப்படி உறுத்தியிருக்காது என்று இப்போதும் தோன்றுகிறது.