கேம்ஷாஃப்ட்டுக்கு இருபது நிமிடம்

சுன்னிவாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மலைகளுக்கு நடுவே நுழையும் கடலான ஃபியோர்டின் இக்கரைக்கும் அக்கரைக்கும் கார்களை ஏற்றிப் போகும் படகில் வேலை. முன்னே வா, இடதுபக்கம் ஒதுங்கு, நில் என்று கையைக் காட்டியே வண்டிகளை அடுக்குவாள். ஒரு நாளைக்கு முந்நூறு முகங்களைப் பார்ப்பாள், ஒருவரோடும் பேச வேண்டியிருக்காது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தம்பி ஹல்வாரின் வீடு. கூப்பிடு தூரம். கூப்பிட்டு நான்கு வருடம் ஆகிறது.

சண்டை காரால் வந்தது. அப்பா 1967இல் வாங்கிய வெளிர்நீலக் கார். அவர் படுத்த படுக்கையானதும் ஹல்வார் சும்மா இராமல் எஞ்சினைத் திறந்தான். வால்வுகளைத் தள்ளுகிற எட்டு டேப்பெட்டையும் கழற்றித் துடைத்து, மொத்தமாக ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுவிட்டான். பழைய டேப்பெட் ஒவ்வொன்றும், அவற்றைத் தூக்கிவிடும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட்டில் தனக்குரிய மேட்டோடு உரசி உரசிப் பழகியது. இடம் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் கழற்றுகிறவர்கள் முட்டை அட்டையில் நம்பர் எழுதி வைப்பார்கள். இந்த மகராசன் கைக்கு வந்ததைக் கண்ட குழியில் போட்டு மூடினான். அந்தக் கோடை முடிவதற்குள் கேம்ஷாஃப்ட் மழுங்கிப் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஊர்க்கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியவரின் கார் எங்கே என்று யாரோ கேட்டார்கள். சுன்னிவா தம்பியைக் காட்டி, "இவன் தொட்டது எது உருப்பட்டிருக்கு? காரும் போச்சு, கட்டினவளும் போயிட்டா" என்றாள். அவன் மனைவி விட்டுப் போய் அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹல்வார் கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

அப்படியும் பனி கொட்டிய நாட்களில், அவள் எழுவதற்கு முன்பே அவள் வாசலைச் சுத்தம் செய்துவிட்டுப் போய்விடுவான். கதவைத் திறந்தால் மண்வெட்டித் தடம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

இந்த வசந்தத்தில் அவள் புது கேம்ஷாஃப்ட்டும் புது டேப்பெட்டுகளும் வரவழைத்தாள். அவன் கெடுத்தது சரியாகிவிட்டால், தான் கெடுத்ததைப் பற்றியும் பேச ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தாள். வீம்புக்காரிக்கு வெறுங்கையோடு போய் நிற்கத் தெரியாது. வேலை முடிந்து வந்த மாலைகளில், தன் கொட்டகையில் கிடந்த காரின் ரேடியேட்டரை இறக்கினாள், எஞ்சினின் முன்பக்கத்தைப் பிரித்தாள், பழைய தண்டை எதிலும் இடிக்காமல் அங்குலம் அங்குலமாக உருவினாள். புதியதற்குக் கறுப்புப் பசையைத் தடவிச் செருகினாள். மூன்று வாரம் ஆனது.

மிச்சம் இருந்தது முதல் ஓட்டம். புது கேம்ஷாஃப்ட் படிய வேண்டுமானால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிடம் எஞ்சின் வேகமாகவே ஓட வேண்டும். மெதுவாக உறும விட்டால் அத்தனை உழைப்பும் பாழ். ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டி ஓட்டினாலே முகம் சுளிக்கிற ஊரில், அவள் ஞாயிறு காலை பதினொரு மணியைத் தேர்ந்தெடுத்தாள். அந்நேரம் ஹல்வார் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருப்பான். காரியம் கெட்டால் அவன் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கே மூன்று தேவாலயத்துக்கும் ஒரே பாதிரியார். அந்த ஞாயிறு அக்கரையின் முறை, இக்கரையில் ஆராதனை கிடையாது. பாதிரியாரின் காரை முந்தின நாள் படகில் ஏற்றியதே சுன்னிவாதான். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

எஞ்சின் அலறியது. பானெட்டைத் திறந்து வைத்து, கார்புரேட்டர் நெம்புகோலைக் கையால் பிடித்தபடி நின்றாள். இரண்டாவது நிமிடம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு ஹல்வார் வந்தான்.

"ஞாயித்துக்கெழமகூட நிம்மதி கெடையாதா? ஊருக்கே கேக்குது!"

"நிறுத்த முடியாதுடா!" என்று கத்தினாள். "புது கேம்ஷாஃப்ட்!"

அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ரேடியேட்டர் ஹோஸின் கிளிப்பை முறுக்கினான். ஜன்னல் வழியே சூட்டு முள்ளைப் பார்த்தான். தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து ரேடியேட்டர்மேல் தண்ணீர் பீய்ச்சினான். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினான்.

எஞ்சினுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. அவன் தாடி நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகை வருகிற மாதிரியான சந்தோஷம். பத்து. பதினைந்து. இருபதில் அவன் போதும் என்று கையை மூடிக் காட்டினான்.

அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். சத்தம் நின்றால் இவனும் போய்விடுவான். இருபத்திரண்டு ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று. அந்த அலறலுக்கு நடுவில், சாப்பாட்டு மேசையில் பேசுகிற குரலில் சொன்னாள்: "அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. என்னை மன்னிச்சிரு." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் வாய் அசைந்ததை அவன் பார்த்துவிட்டான். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

"என்னக்கா சொன்னே?"

நான்கு வருடம் கழித்து வந்த 'அக்கா'. அவன் காதைக் கொடுத்துக் குனிந்து நின்றான். சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

"ஒண்ணுமில்லடா. தண்ணி போதும்னேன்."

"தண்ணிய நான் அப்பவே நிறுத்திட்டேனே" என்றான்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். குழாய் தரையில் கிடந்தது. இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு அவனுக்கும் அங்கே ஒரு வேலையும் இருந்திருக்கவில்லை.

அவன் காத்திருந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அவள் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தாள். அவன் குழாயைச் சுருட்டிச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.

சுன்னிவா அந்தக் கதவைப் பார்த்து இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்தது.