கம்பெனி ஷூ

வேலையில் சேர்ந்த அன்று கம்பெனியில் எனக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ கொடுத்தார்கள். முனையில், தோலுக்குள் இரும்புத் தகடு வைத்துத் தைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து, அதுவரை ஆண்களே நின்ற இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இடம் பிடித்தவள். அந்தப் பெருமையோடுதான் கையில் வாங்கினேன். என்னை அறியாமல் கட்டைவிரல் ஷூவின் முனையை அமுக்கிப் பார்த்தது. அமுங்கவில்லை. சித்தி நினைவுக்கு வந்துவிட்டாள்.

அம்மாவின் தங்கை அவள். உத்தனப்பள்ளித் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு எண்பதுகளில் ஓசூர் கம்பெனி மாப்பிள்ளை வந்தது ஊருக்கே அதிசயம். தெற்கத்திக்காரர், குணம் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. பெண் பார்க்க இந்த மாதிரி ஷூவோடு வந்தார், அதுவே போதுமானதாக இருந்தது. பல்லைப் பிடித்து, உடம்பை அமுக்கிப் பார்க்காமல் ஒரு கன்றுகூட வாங்காத என் தாத்தா, குந்தாரப்பள்ளிச் சந்தையில் பார்ப்பவரிடமெல்லாம் ஷூ போட்ட மருமகனைப் பற்றிச் சொல்லிப் பூரித்தார்.

ஆறாம் வகுப்பிலிருந்து சித்தி வீட்டில் தங்கித்தான் படித்தேன். வரிசை வீடுகளில் ஒன்று, ஒரே அறை. சித்தி குழாயடியில் ஒருத்தியோடு கன்னடத்தில் பேசுவாள், இன்னொருத்தியோடு தெலுங்கில். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். சித்தப்பாவுக்கு இரண்டும் தெரியாது. பெண்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார்.

சித்திக்கு அப்போது ஏழாம் மாதம். காலை ஷிப்டு முடிந்து வந்தவர் குழாயடிச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார். சித்தியின் பின்னாலேயே, ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"என்னையப் பத்தி என்னடி பேசிச் சிரிச்சீங்க?"

அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். விழுந்தவள் வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டாள். அந்தக் கைகளின் மேலேயே உதைத்தார். விரல் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கைகள் விலகிவிட்டன. நான் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் நின்றேன். அவர் நிறுத்தியபோது சிமென்ட் தரையில் ரத்தம் என் கால்வரை வந்திருந்தது.

குழந்தை செத்துத்தான் பிறந்தது. வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். சித்தப்பா கட்டிலடியில் உட்கார்ந்து அழுதார். மறு வருடம் அவள் மீண்டும் உண்டானபோது ஆப்பிள் வாங்கி வந்தார், வரிசை முழுக்க இனிப்பு கொடுத்தார். கொஞ்ச நாள் கை நீளவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம், சாம்பார் ஆறிப்போயிருந்ததற்காக ஷூக்காலை வீசினார். சித்தி நகர்ந்துகொண்டாள். பின்னாலிருந்த பிளாஸ்டிக் குடம் பிளந்து, தண்ணீர் அறை முழுக்க ஓடியது. அவள் அழவில்லை. பிளந்த குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், என்னைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிப் பலகைகளை நான்தான் படித்துச் சொன்னேன். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருத்திக்கு நாலு பிள்ளைகள். இனி ஒன்று தாங்காது என்று உடம்பே சொல்லிவிட்டதாம். இன்னொருத்தி சின்னப் பெண், யாரிடமும் வாய் திறக்கவில்லை. 'கலைச்சிட்டா' என்று ஊர் ஒரே சொல்லில் முடித்துவிடும் காரியத்துக்கு ஆளுக்கொரு காரணம் இருப்பதை அங்கேதான் கண்டேன்.

குழந்தை ஏன் வேண்டாம் என்று பெண் டாக்டர் கேட்டார்.

"வேண்டாம்னு வரலீங்க. வயித்துக்குள்ளயே ஒதை வாங்கி ஒண்ணு செத்துப்போச்சு. இதுக்கும் அப்படி ஆவறத என்னால பாக்க முடியாது. ஒண்ணும் தெரியாதப்பவே போயிரட்டும்."

எலும்பு கோணலாகக் கூடிப்போயிருந்த விரல்களை மேசைமேல் வைத்தாள். டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உத்தனப்பள்ளிக்குப் போனோம். விஷயம் தெரிந்து சித்தப்பா தேடி வந்தார். மாமனார் வீட்டில் மட்டும் ஷூவை மரியாதையாக வாசலில் கழற்றுவார். முற்றத்தில் நின்றுகொண்டு, என் பிள்ளையைக் கொன்றவள் என்று கத்தினார். அம்மாகூட சித்தியைத்தான் திட்டினாள். பையை எடுத்துக்கொண்டு புருஷனோடு கிளம்பு என்றார் தாத்தா. சித்தி வாசலுக்குப் போய் ஷூவில் ஒன்றை எடுத்துவந்து தாத்தாவின் மடியில் போட்டாள்.

"சந்தையில மாட்ட அமுக்கி அமுக்கிப் பாப்பியே. இத அமுக்கிப் பாருப்பா. மொதப் புள்ள இதுலதான் போச்சு. நான் எங்கயும் வழுக்கி விழல."

தாத்தா இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கினார். மகளின் விரல்களைப் பார்த்தார். எழுந்துபோய் அதே ஷூவால் மருமகனின் வாயில் ஒரே அடி அடித்தார். பல் தெறித்து மண்ணில் விழுந்தது. சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். பிறகு வரவேயில்லை.

சித்தி மறுபடி தோட்ட வேலைக்குப் போய் என்னை விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தாள். இப்போது சூளகிரியில் என்னோடுதான் இருக்கிறாள். வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் ஷூவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோணல் விரலால் அவளும் முனையை அமுக்கினாள்.

"எதுக்குடி இதுல இரும்ப வெக்கறாங்க?"

கனமாக ஏதாவது விழுந்தால் கால் நசுங்காமல் காப்பதற்கு என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள வேணாம் கண்ணு. வெளியவே இருக்கட்டும்."

அன்றிலிருந்து படிக்குக் கீழே, கூரை இல்லாத இடத்தில்தான் கழற்றிவைக்கிறேன். மழை நாட்களில் நனைந்த ஷூவையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.