உள்ளான்கள் எழும்பிய காலை

மழை விட்டு ஐப்பசி பிறக்கும் சமயத்தில் மாஹிம் கழிமுகச் சேற்றில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கும். எங்கள் மாதுங்கா வீட்டிலிருந்து தாராவியைத் தாண்டி நடந்தால் கரை. ஞாயிறு காலைகளில் என் கணவர், ஆபீஸ் நண்பரிடம் வாங்கிய பைனாகுலரோடு என்னையும் குழந்தையையும் அழைத்துப் போவார். அவர் பார்த்துச் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன். பனி நாடுகளிலிருந்து வருகின்றன என்பார். இவ்வளவு தூரம் குஞ்சுகள் எப்படித் தாங்கும் என்றுதான் எனக்குக் கவலை வரும்.

எங்கள் பெண்ணுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் தினமும் வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவுவார். "நாக்கு தடிச்சிருக்கு, அவ்வளவுதான். இவனும் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்பார். ஒரு நாள் தவறினாலும், என்னால்தான் பேச்சு தள்ளிப்போகிறதோ என்று நான் மருகுவேன்.

அன்று குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குச்சியால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளான் சுட வந்த யாரோ ஒரு துரை, புதருக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியால் சுட்டான். என் கையிலிருந்து நோட்டு விழுந்தது. சேற்றிலிருந்த உள்ளான்கள் முழுவதும் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. அவள் மட்டும் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்னா, அவ திரும்பவே இல்லை."

"விளையாட்டு மும்முரம்டி. நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாகறே. பட்சிக்கே உன்னைவிடத் தைரியம் ஜாஸ்தி."

இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பயப்படுவது எனக்குப் பழக்கம். ஆனாலும் எழுந்து, என் நிழல் அவள் முன்னால் விழாதபடி பின்னால் போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை கத்தியே விட்டேன். தூரத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

ஒரு வருஷமாக நாக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். காது என்ற ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வந்து அவள் தலைக்குப் பின்னால் கைதட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு லீவு போடறேன். டாக்டராத்துக்குப் போவோம்" என்றார்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். வீடு வரும்வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். நிறுத்தப் பயமாக இருந்தது.